மஞ்சள் காமாலையும் மாணவர் தொண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் இரயில், தமிழ்நாட்டு எல்லையைத் தொடுமுன் நின்று செல்லும் ஊர் பாறசாலை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றது. ஆகையால் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய அறிக்கையைப் பேரன் படித்துச் சொல்ல, பாட்டி கேட்டுக்கொள்வது இங்கே புதிய காட்சி அன்று.

இன்று அந்தச் சுவரின் முன்னே வேறொரு கூட்டமும் நிற்கிறது. வங்காளம், அஸ்ஸாம், பீகார், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் அவர்கள். கேரளத்தில் இத்தகையோர் சுமார் 25 லட்சம் பேர் என்று குலாட்டி நிதி, வரியியல் நிறுவனம் 2013-இல் மதிப்பிட்டது. அரசு அவர்களை ‘அதிதித் தொழிலாளிகள்’ என்று மரியாதையாக அழைக்கிறது. ஆனால் ஓர் ஊரில் மஞ்சள் காமாலை தலைகாட்டினால், முதலில் விரல் நீட்டப்படுவதும் அவர்களை நோக்கித்தான். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதா என்று ஆராய்வதற்கு, நோயின் தன்மையை முதலில் அறிய வேண்டும்.

மஞ்சள் காமாலை என்பது உண்மையில் ஒரு நோயின் பெயர் அன்று. அது ஓர் அடையாளம். கல்லீரல் பழுதுறும்போது பித்தநிறமி இரத்தத்தில் மிகுந்து, கண்ணும் தோலும் மஞ்சளிக்கின்றன. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஐந்து. ஏ, ஈ என்னும் இரண்டும் மலம் கலந்த நீர், உணவு வழியாகப் பரவுபவை. பி, சி, டி என்னும் மூன்றும் இரத்தம் முதலிய உடல் திரவங்களின் வழியாகப் பரவுபவை. இந்த வேறுபாட்டை அறியாதிருப்பதே பாதித் துன்பத்திற்குக் காரணம். இரத்த வழி நோயாளியை உணவுப் பந்தியிலிருந்து விலக்குகிறோம். நீர் வழி நோய்க்குக் காரணமான கிணற்றைக் கவனியாது விடுகிறோம்.

நீர் வழி நோயின் வலிமைக்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1955-ஆம் ஆண்டு இறுதியில் டெல்லியில், யமுனை நீரை நகரத்திற்கு எடுக்கும் இடத்தில் சாக்கடை நீர் கலந்துவிட்டது. சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஈ வகை வைரஸின் வேலை என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே, சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது தெளிவாயிற்று. இவ்வகை, கருவுற்ற பெண்களுக்குப் பேராபத்தாக முடியக் கூடியது.

கேரளத்தில் அடிக்கடி காண்பது ஏ வகை. 2024-இல் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூரில் இருநூறுக்கு மேற்பட்டோர் இதனால் நோயுற்றனர். சுகாதாரத்தில் முன்னேறிய மாநிலத்தில் இது எப்படி என்று நேயர்கள் வியக்கலாம். விடை சற்று விந்தையானது. சிறு குழந்தைக்கு இந்நோய் வந்தால் பெரும்பாலும் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். ஆயுள் முழுவதற்கும் எதிர்ப்புச் சக்தியும் கிடைத்துவிடும். சுத்தம் பெருகிய ஊரில் குழந்தைகள் அதற்கு ஆளாவதில்லை. அவர்கள் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பெரியவர்களாகிறார்கள். பின்னர் ஒரு நாள் கிணறு கெட்டால், நோய் அவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது. சுத்தம் குறைந்த சூழலில் வளர்ந்து வந்த தொழிலாளிக்கோ அந்த எதிர்ப்பு இளமையிலேயே அமைந்திருக்கக் கூடும். ஆகவே, ‘வந்தவன் கொண்டுவந்தான்’ என்று ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது விஞ்ஞானமும் அன்று, நியாயமும் அன்று.

கிருமி உடலில் புகுந்து நோய் தோன்ற 15 முதல் 50 நாட்கள் ஆகலாம். கண் மஞ்சளிப்பதற்கு முன்னுள்ள இரண்டு வாரங்களில்தான் அது மிகுதியாக வெளியேறுகிறது. அதாவது, பரப்புகிறவனுக்கே தான் பரப்புவது தெரியாது. அதற்குள் தொழிலாளி வேறொரு வேலைத்தலத்திற்குப் போயிருப்பான். எனவே ஆளைத் தேடுவதைவிட நீரைக் காப்பதே அறிவுடைமை.

இங்கே நம் வழக்கம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பதிமுகப் பட்டை இட்டுச் சிவந்த வெந்நீரைப் பருகுவது மலையாள நாட்டு நல்வழக்கம். ஆனால் விருந்துகளிலும் உணவு விடுதிகளிலும், கொதித்த நீர் ஆறுவதற்குப் பொறுமையின்றிப் பச்சைத் தண்ணீரை அதில் கலந்துவிடுகிறார்கள். நிறம் சிவப்பாகவே இருக்கும். பாதுகாப்பு மட்டும் போய்விடும். கலியாண வீட்டுக் குளிர்பானத்தில் இடும் பனிக்கட்டிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கிணற்றைத் தூய்மை செய்வது கடினமன்று. ஆயிரம் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். நோய் பரவும் காலத்தில் இருமடங்கு. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் நீர் இருக்கும்; அதற்குச் சுமார் 24 கிராம் போதும். தூளைக் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வாளியில் எடுத்து, கிணற்றுக்குள் இறக்கி நன்றாகக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நீரைப் பயன்படுத்தலாம்.

பி வகையின் கதை வேறு. பிறக்கும்போதே தாயிடமிருந்து இதைப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் முடியலாம். இதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட வேண்டும். 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வைரஸ் உடையவரோடு உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே அறையில் உறங்குவதாலோ இது தொற்றாது. பொது சவரக் கத்தியும், சுத்தம் செய்யாத ஊசியும்தான் அஞ்சத்தக்கவை. இதை அறியாமல் ஒருவனை வேலையிலிருந்து நீக்கினால், அடுத்தவன் சோதனைக்கே வரமாட்டான். நோய் மறைந்து வளரும்.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு சொல். பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க், சென்னை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இம்மூலிகையை ஆராய்ந்தார். 1988-இல் வெளியான முடிவு நம்பிக்கை ஊட்டியது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. ஆதலால் மூலிகையை நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பது தகாது.

இத்துறையில் மாணவர் என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் குடியேறிய ஆசிய மக்களிடையே பி வகை நோய் மிகுதி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் தோன்றிய ஆசியர் கல்லீரல் மையம், 2001-இல் பச்சை நாடா இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. ‘மனிதன்’ என்று பொருள்படும் சீன எழுத்தின் வடிவில் அந்த நாடா மடிக்கப்பட்டது. மாணவர்கள் கோயில்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் சென்று, அம்மக்களின் சொந்த மொழியில் பேசினார்கள். வெற்றியின் இரகசியம் அந்த மொழியில் இருந்தது.

நம் நாட்டில் 1969-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக் கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இதற்குரிய கருவி. எல்லைப்புறத்து மாணவனிடம் அதைவிடப் பெரிய கருவி ஒன்றும் உண்டு. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய அறிக்கையின் முன் திகைத்து நிற்பது எப்படிப்பட்டது என்பதை அவன் தன் பாட்டியின் முகத்தில் பார்த்திருக்கிறான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தெரிந்த உண்மை ஒன்று: சொல்லை மாற்றிவிட்டால் மட்டும் செய்தி போய்ச் சேர்ந்துவிடாது. இந்தி பேசுபவனிடம் ‘பீலியா’ என்றும், வங்காளியிடம் ‘ஜண்டிஸ்’ என்றும் தொடங்க வேண்டும். பிறகு அவன் குடியிருப்புக் கிணற்றின் ஆழத்தை அவனோடு சேர்ந்தே அளக்க வேண்டும். மாலையில், வேலை முடிந்து அவன் சமைக்கும் நேரத்தில் போக வேண்டும். பெயரும் ஊரும் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அதிகாரியைப் போலப் போகாமல், அண்டை வீட்டுக்காரனைப் போலப் போக வேண்டும்.

கிணற்று நீருக்கு உள்ளூரார், வெளியூரார் என்ற பேதம் தெரியாது. தொழிலாளியின் குடியிருப்புக் கிணறு தூயதானால், அந்தத் தெருவே நோயிலிருந்து காக்கப்படுகிறது. அடுத்த விடுமுறை நாளில் ஒரு வாளியும், ஒரு கயிறும், 24 கிராம் தூளும் எடுத்துக்கொண்டு இந்தத் தொண்டைத் தொடங்கலாம்.