உஷார்! கட்டியை எடுத்தாச்சு, கரண்ட் வெச்சாச்சா?

மார்பில் கட்டி. ஆரம்பக் கட்டம்தான். மார்பை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்தாயிற்று, புண் ஆறிவிட்டது, ‘எப்ப வேலைக்கு வர்றீங்க?’ என்று சூப்பர்வைசர் போனும் பண்ணிவிட்டார். இனி ஷிப்டுக்குப் போகலாம் என்று நிம்மதியாக மூச்சுவிடும் இந்த நேரத்தில்தான் ஆபத்து. ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, பர்கூர் பக்கத்துப் பெண்கள் தயவுசெய்து கேளுங்கள். சிகிச்சை பாதிதான் முடிந்திருக்கிறது. கரண்ட் வைக்கிறது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு இன்னும் பாக்கி.

அதை விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இல் தொடங்கிய ஆய்வின் 20 ஆண்டு முடிவு 2002-இல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கதிர்வீச்சு இல்லாமல் இருந்தவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் வைத்துக்கொண்டவர்களில் 14.3 சதவீதம். நூற்றுக்கு நாற்பது பேர் எங்கே, பதினாலு பேர் எங்கே! 10,801 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியான அலசல், உயிரிழப்பும் குறைவதைக் காட்டியது. காரணம் சிக்கலானதல்ல. கோரைப்புல்லைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் தங்குகிற மாதிரி, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் மார்பில் மிச்சம் இருக்கலாம். அவற்றுக்குத்தான் கதிர்வீச்சு.

நம் எல்லைப் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆபரேஷன் ஒரு ஊரில், கதிர்வீச்சு இன்னொரு ஊரில், கார்டு மூன்றாவது ஊரில். பெங்களூரு கித்வாய் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது; அத்திப்பள்ளியிலேயே கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. ஆனால் கர்நாடகக் குடும்பங்களுக்கான சலுகை தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்குத் தானாகக் கிடைத்துவிடாது. ஆபரேஷன் இனிமேல்தான் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதையும் கத்தி வைப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும். சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் தினமும் போய்வர முடியுமா, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் தங்கிப் பார்க்கலாமா என்பதையும் அப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். எந்த வழியும் இல்லை என்று தெரிந்தால் சர்ஜனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மார்பை முழுதும் எடுத்தால், அக்குளுக்குப் பரவாத ஆரம்ப நோயில் பெரும்பாலும் கதிர்வீச்சே தேவைப்படாது. கேட்கக் கசப்பான யோசனைதான். ஆனால் மார்பைக் காத்துக்கொண்டு கதிர்வீச்சைக் கைவிடுவதைவிட அது பாதுகாப்பானது.

நாள் கணக்கைக் கேட்டே பலர் மிரண்டு போகிறார்கள். முன்பு ஐந்து வாரம். பிறகு பல இடங்களில் மூன்று வாரம், 15 தடவை. 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து தடவை வைத்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. ‘எனக்குக் குறைந்த நாள் முறை பொருந்துமா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் குறிவைக்கும் முறையும் உண்டு. இந்தியாவில் பிறந்த ஜயந்த் வைத்யா லண்டனில் சக மருத்துவர்களோடு உருவாக்கிய முறையில், ஆபரேஷன் மேஜையிலேயே ஒரே தடவையில் கதிர்வீச்சு கொடுத்துவிடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் ‘ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்ற பேச்சைக் கேட்டவுடன் தலையாட்டாதீர்கள்! இது எல்லாருக்கும் பொருந்தாது. வயது பொதுவாக ஐம்பதைத் தொட்டிருக்க வேண்டும், கட்டி சிறியதாக இருக்க வேண்டும், அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கக் கூடாது, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவாக இருக்க வேண்டும், வெட்டிய விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும். இந்த முறையைச் சோதித்த ஆய்விலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, முழு பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகு மார்பு முழுவதுக்கும் கதிர்வீச்சு தேவைப்பட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு வெளியிலிருந்து குறிவைப்பதானால், கட்டி இருந்த இடத்தில் சின்ன டைட்டானியம் கிளிப் வைக்கச் சொல்லி சர்ஜனிடம் முன்கூட்டியே கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு வைப்பவர்களுக்கு அதுதான் அடையாளம்.

‘ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் போதும், கரண்ட் வேண்டாமாம்’ என்ற பேச்சும் காதில் விழும். 65, 70 வயதைத் தாண்டிய, அபாயம் மிகக் குறைந்த பெண்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து கிளம்பிய பேச்சு அது. அவர்களிலேயே, 2023-இல் வெளியான முடிவின்படி, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 9.5 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 0.9 சதவீதம். நம் நாட்டிலோ நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும்தான் பலருக்கு இந்த நோய் வருகிறது. நாற்பத்திரண்டு வயதுக்காரர் இந்தச் சலுகையைத் தனக்கு எடுத்துக்கொள்வது பெரிய விபரீதம்.

இன்னொரு பயம், பிள்ளையைத் தூக்கினால் பிள்ளைக்கும் கதிர்வீச்சு தொற்றிவிடும் என்பது. வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. தாராளமாகத் தூக்குங்கள். தோல் கறுக்கும், அசதி இருக்கும். இடது மார்பு என்றால், இதயத்தைக் காக்க மூச்சை இழுத்துப் பிடிக்கும் முறை உண்டா என்று கேளுங்கள்.

வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்! இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் உரிமை உண்டு. இரண்டு ஆண்டு தொடர் வேலையும் தேவையான சந்தா நாட்களும் இருந்தால், புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்காலப் பயனாகச் சம்பளத்தில் 80 சதவீதம் வரும். ரெஃபரல் கடிதத்தை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் முதலிலேயே வாங்குங்கள்.

கீமோ இல்லையென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்குவது நல்லது. கீமோ இருந்தால் அது முடிந்த பிறகு. அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் ‘இனி எதற்கு’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், ஹார்மோன் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கதிர்வீச்சு டாக்டரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியவில்லையா? 104-க்குக் கூப்பிடுங்கள்.