கேம் சென்சாரை மாற்றியும் விளக்கு அணையவில்லையா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: என் பெட்ரோல் கார் 1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. நெடுந்தூரம் ஓடி, பங்க்கில் நிறுத்திவிட்டு எடுத்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகுதான் பிடிக்கிறது. கேம் சென்சார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அதற்கு அப்படி என்ன வேலை?

பதில்: பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை கிராங்க் சென்சார் சொல்லிவிடும். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்குள் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒன்று எரிபொருள் எரிவதற்கு, மற்றொன்று புகையை வெளியே தள்ளுவதற்கு. இப்போது வந்திருப்பது எது என்பதை கேம்ஷாஃப்ட்தான் காட்டிக்கொடுக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் அது ஒரு சுற்று. அந்த சிக்னல் வராவிட்டால் சில கார்கள் தாமதமாகவாவது ஸ்டார்ட் ஆகும். சில ஆகவே ஆகாது. சூட்டில் மட்டும் தொல்லை வருவதால் சென்சார் மீது சந்தேகம் நியாயமானதே. ஆனால் கிராங்க் சென்சார் பழுதானாலும் இதே அறிகுறிதான். ஸ்கேனர் போடாமல் எதையும் மாற்றவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்கேனரில் பி0340 என்று வந்தது. சென்சாரை மாற்றினோம். ஒரு வாரத்தில் செக் இன்ஜின் விளக்கு மறுபடி எரிகிறது. புதியதும் மோசமா?

பதில்: இருக்கலாம், அதைவிட ஒயரிங் மீதுதான் எனக்குச் சந்தேகம். பி0340 என்பது கேம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. சென்சார், கப்ளர், ஒயர், இன்ஜினின் கணினியான இசியூ எல்லாமே அந்தச் சுற்றில் அடங்கும்.

முதலில் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பழைய இன்ஜினில் வால்வு கவர் பேக்கிங் கசிந்து, கப்ளருக்குள் ஆயில் இறங்கியிருக்கும். பின்னில் பச்சை பூத்திருக்கும். சூட்டில் ஒயரின் மேலுறை காய்ந்து, வளைத்தாலே வெடிக்கும். தெருவில் நிறுத்தும் காரென்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். மூன்று ஒயர் உள்ள ஹால் வகை சென்சாரில் ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். இக்னிஷனை ஆன் செய்தால் சப்ளை ஒயரில் 5 வோல்ட்டோ பேட்டரி வோல்ட்டோ வர வேண்டும். எது என்பது காருக்குக் கார் மாறும். கப்ளரை மாட்டிய நிலையில் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அப்படியே ஒயரை அசைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எண் துள்ளினால் திருடன் அங்கேதான். ஹால் சென்சாரை ஓம் வைத்து அளந்து "போச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த அளவு இரண்டு ஒயர் காந்தச் சுருள் வகைக்கே பொருந்தும்.

கேள்வி: கூடவே பி0016-உம் வருகிறதே?

பதில்: அப்படியானால் விஷயம் பெரிது. கிராங்க், கேம் இரண்டின் சிக்னலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதிகம் ஓடிய காரில் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். பெல்ட் உள்ள இன்ஜினில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். மாறும் வால்வு டைமிங் உள்ள கார்களில் ஆயில் கன்ட்ரோல் வால்வு அடைத்துக்கொண்டாலும் வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று செயின் சத்தம் கேட்டால் காரை ஓட்டாதீர்கள். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். சென்சாருக்குக் கொடுக்கும் பணமெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

கேள்வி: சென்சாரை நானே மாற்றலாமா?

பதில்: பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்தான். சென்சாரை இப்படியும் அப்படியும் திருகி மெதுவாக இழுங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். பழைய ஓ-ரிங் குழிக்குள் தங்கிவிடாமல் பார்த்து, புதியதில் ஆயில் தடவி மாட்டுங்கள். டூப்ளிகேட் சென்சார் வேண்டாம். சேசிஸ் நம்பர் சொல்லி ஒரிஜினலே வாங்குங்கள்.

கேள்வி: அதுவரை ஓட்டலாமா?

பதில்: பக்கத்துப் பட்டறை வரை போகலாம். நெடுஞ்சாலை வேண்டாம். ஓட்டத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டீயரிங் கனத்துவிடும், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் இறுகிவிடும். பட்டறையில் பில் போடும் முன், கப்ளரில் எத்தனை வோல்ட் வந்தது என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.