வெள்ளத்தில் ஒரு பிரிண்ட் கரையுது, இன்னொன்னு தாங்குது... ஏன்? பிரிண்டர் மைக்குள் நடக்கும் வேதியியல்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் லேசில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை மீறிப் பாய, நெல்லை ஜங்ஷன் தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பாய், தலையணையோடு பலர் காய வைத்த இன்னொரு பொருள் காகிதம். பத்திரம், பட்டா, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ்.

நனைந்த ஃபைலைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்காது. இருபது வருஷத்துக்கு முந்தைய ஜெராக்ஸ் காப்பி பளிச்சென்று அப்படியே இருக்கும். போன மாதம் வீட்டு பிரிண்டரில் எடுத்த கலர் பிரிண்டோ நீலமும் ரோஸுமாக வழிந்து, என்ன எழுதியிருந்தது என்றே தெரியாத நிலையில் இருக்கும். இரண்டும் ஏ4 பேப்பர்தான், இரண்டிலும் கறுப்பு எழுத்துதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

சுருக்கமான பதில்: ஜெராக்ஸில் இருப்பது மையே அல்ல, அது பிளாஸ்டிக். இன்க்ஜெட்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த சாயம். தண்ணீரில் கரைத்தது தண்ணீர் பட்டால் மறுபடி கரையத்தானே செய்யும்? விரிவான பதில் இதைவிட சுவாரஸ்யமானது.

டோனர் என்பது என்ன?

ஜெராக்ஸ் மெஷினிலும் லேசர் பிரிண்டரிலும் போடும் கறுப்புத் தூள்தான் டோனர். பிளாஸ்டிக் தூளில் கரித்தூளைச் சேர்த்துச் செய்தது. மின்னேற்றத்தின் உதவியால் இது காகிதத்தில் எழுத்து வடிவில் ஒட்டும். பிறகு ஏறக்குறைய 200 டிகிரி சூடான உருளைக்கு அடியில் காகிதம் போகும்போது உருகி, நாரோடு நாராகப் பிடித்துக்கொள்ளும். கடையில் கைக்கு வரும் ஜெராக்ஸ் இளஞ்சூடாக இருப்பது அதனால்தான். தண்ணீரால் இதை ஒன்றும் செய்ய முடியாது. காகிதமே கிழிந்து போனால்தான் உண்டு.

இன்க்ஜெட்டில் துளி எப்படி வெளியே வருது?

1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில் நடந்த சம்பவம் ஒன்று பிரபலம். மை நிரப்பிய ஊசியின் முனையில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. ஊசியிலிருந்து மை சீறி வெளியே தெறித்தது. அதைக் கவனித்த பொறியாளர் இச்சிரோ எண்டோ, மையைச் சூடாக்கினால் அதுவே தன்னைத் தள்ளிக்கொள்ளும் என்பதைப் பிடித்துக்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹெச்பியும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தது. 1984இல் ஹெச்பியின் 'திங்க்ஜெட்' சந்தைக்கு வந்தது.

இந்த முறையில் தலைமுடியைவிடச் சிறிய துளைக்குப் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கும். அது ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் 300 டிகிரி வரை சூடாகும். மையின் மெல்லிய படலம் ஆவியாகிக் குமிழி உருவாகும். குமிழி தள்ள, துளி பாயும். பிறகு குமிழி சுருங்க, புது மை உள்ளே இழுக்கப்படும். இது ஒவ்வொரு துளையிலும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

எப்சன் வேறு வழியில் போனது. மின்சாரம் கொடுத்தால் வளையும் பீசோ படிகத்தை வைத்து மையை அமுக்கித் தள்ளுவது அந்த முறை. இதில் சூடே இல்லை. கொதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் தண்ணீர் மைதான் வேண்டும் என்பதும் இல்லை. எந்த மாதிரி மையையும் தள்ளலாம். ஊர் முழுக்கத் தொங்கும் ஃப்ளெக்ஸை அடிக்கும் மெஷின்களுக்குள் இருப்பது பீசோ தலைதான். அதற்குப் பிறகு வருவோம்.

துளி எவ்வளவு சின்னது? 4 பிகோலிட்டர் துளி ஒன்றின் விட்டம் சுமார் 20 மைக்ரான். ஒரு மில்லி மையில் இப்படி 25 கோடி துளிகள். 70 மில்லி பாட்டில் என்றால் 1,750 கோடி! விலைச் சீட்டைப் பார்த்து மலைப்பவர்களுக்கு இது ஆறுதலாக இருக்காது என்பது வேறு விஷயம்.

மைக்குள் என்னென்ன இருக்கு?

வீட்டு பிரிண்டர் மையில் பெரும்பகுதி தண்ணீர். துளையில் காய்ந்து அடைக்காமல் இருக்க கிளைக்கால், கிளிசரின் மாதிரி ஈரம் காக்கும் திரவங்கள் சேர்ப்பார்கள். துளி சரியாக உடைந்து விழவும் காகிதத்தில் ஒழுங்காகப் பரவவும் சோப்பு மாதிரி ஒரு பொருள், பூஞ்சை பிடிக்காமல் இருக்க கொஞ்சம் மருந்து. மிச்சம் நிறம். நிறம் தருவதில் இரண்டு ஜாதி உண்டு: டை, பிக்மென்ட்.

டை என்பது கரையும் சாயம். காபியில் சர்க்கரை மாதிரி மூலக்கூறு மூலக்கூறாகத் தண்ணீரில் கலந்திருக்கும். நிறம் கண்ணைப் பறிக்கும், துளை அடைக்காது, விலையும் குறைவு. போட்டோ அழகாக வரும். ஆனால் தண்ணீரில் கரைவதற்கென்றே இதன் மூலக்கூறில் சல்ஃபோனேட் போன்ற உப்புத் தொகுதிகளைச் சேர்த்திருக்கிறார்கள். காகிதத்தில் காய்ந்த பிறகும் அந்தத் தொகுதிகள் எங்கேயும் போய்விடுவதில்லை. ஒரு சொட்டு மழைத்தண்ணி விழுந்தால் போதும், மூலக்கூறுகள் பழைய உறவைத் தேடிக் கிளம்பிவிடும்.

பிக்மென்ட் என்பது கரையாத நிறத்துகள். மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் அடியில் தங்குமே, அந்த வகை. ஆனால் இங்கே துகளை சுமார் 100 நானோமீட்டர் அளவுக்கு அரைத்து, ஒவ்வொன்றுக்கும் பாலிமர் போர்வை சுற்றி, அடியில் தங்காமல் மிதக்க வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் விழுந்ததும் தண்ணீர் உள்ளே இறங்கும், துகள் மேலே நின்று பிடித்துக்கொள்ளும். நனைந்தாலும் பெரும்பாலும் அசையாது. வெயிலுக்கும் தாங்கும். ஒரு சாய மூலக்கூறை வெயில் உடைத்தால் நிறம் போச்சு. துகளிலோ லட்சக்கணக்கான மூலக்கூறுகள் அடுக்கி இருக்கும். வெளி அடுக்கு சிதைந்தாலும் உள்ளே இருப்பவை நிற்கும்.

மை தயாரிப்பவர்களின் தலைவலியே இந்த இடத்தில்தான். பாட்டிலில் இருக்கும்வரை மை தண்ணீரோடு ஒட்டி உறவாட வேண்டும், காகிதத்தில் விழுந்த மறுகணம் தண்ணீரை முறித்துக்கொள்ள வேண்டும். கடந்த முப்பது, நாற்பது வருஷ இன்க்ஜெட் ஆராய்ச்சியில் பாதி இந்த முரண்பாட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இந்த ஆற்றங்கரைக்குப் பழக்கமான கரி

பிக்மென்ட் கறுப்பு என்பது வேறொன்றும் இல்லை, கரிதான். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய பிறகு, விளக்குக் கரியும் எண்ணெயும் கலந்து தடவித் துடைப்பார்கள். கரி பள்ளத்தில் தங்கும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரி உள்ளிட்ட நெல்லைச் சீமை ஊர்களுக்கு வந்தாரே, அந்த ஏடுகளை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் படிக்க முடிந்ததற்கு இந்தக் கரி ஒரு முக்கியக் காரணம். ஏட்டைச் செல் அரிக்கும், ஓலை நொறுங்கும், கரி மட்டும் வெளுக்காது.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 16ஆம் நூற்றாண்டில் தங்கிப் பணியாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அன்றைய அச்சு மையும் எண்ணெயில் குழைத்த கரிதான். ஏடு, அச்சு, டோனர், பிக்மென்ட் எல்லாவற்றிலும் கறுப்பு ஒன்றே. அதைப் பிடித்துவைக்கும் பசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

பேப்பர் மேலும் பழி உண்டு

துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் படிகாரம் சேர்ப்பது எதற்கு? சாயத்தை நாரோடு கட்டிப்போட. இன்க்ஜெட் காகிதத்திலும் அதே தந்திரம்தான். சாயத்தின் மின்னேற்றம் எதிர்மின் வகை. காகிதத்தின் மேற்பூச்சில் நேர்மின் வகைப் பாலிமரைச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நல்ல போட்டோ பேப்பரில் எடுத்த டை பிரிண்ட், சாதா ஏ4 அளவுக்கு மோசமாக வழியாமல் இருப்பது இதனால்.

பிக்மென்ட் மைக்கு இன்னொரு வித்தை. சில ஏ4 கட்டுகளின் உறையில் 'கலர்லாக்' என்ற முத்திரையைப் பார்க்கலாம். அந்தக் காகிதத்தில் கால்சியம் உப்பு சேர்த்திருப்பார்கள். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியுமே, அதுமாதிரி மைத்துகள்கள் உப்பைத் தொட்டதும் திரிந்து மேற்பரப்பிலேயே உறைந்துவிடும். எழுத்தின் கறுப்பு கூடும், பின்பக்கம் ஊறாது.

தண்ணீர் மட்டும்தான் எதிரி என்றும் இல்லை. 2000ஆம் ஆண்டில் எப்சனின் ஒரு போட்டோ பிரிண்டரில் எடுத்த படங்கள் சில மாதங்களில் ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. வெயிலே படாத படங்களுக்கும் இதே கதி. காற்றில் உள்ள ஓசோன், நீலச் சாயத்தைத் தின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. கண்ணாடி போட்டு ஃப்ரேமில் வைத்தால் ஆயுள் கூடுவதற்குக் காற்று படாததும் ஒரு காரணம்.

ஃப்ளெக்ஸ் மட்டும் மழையில் எப்படி நிக்குது?

கோயில் கொடை, சடங்கு வீடு, கண்ணீர் அஞ்சலி என எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ்தான். ஆறு மாதம் மழை, வெயிலில் கிடந்தாலும் முகம் தெரிகிறது. அதில் தண்ணீரே இல்லாத மை. சைக்ளோஹெக்சனோன், கிளைக்கால் ஈதர் போன்ற கரைப்பான்களில் பிக்மென்டும் ரெசினும் கலந்திருக்கும். அந்தக் கரைப்பான் பிவிசி ஷீட்டின் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்து, நிறத்தை உள்ளே இறக்கிவிட்டு ஆவியாகும். ஃப்ளெக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். படம் எடுத்துப் போகிறவருக்கு ஐந்து நிமிஷ நெடி. மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் பையனுக்கு அது மூச்சுக் காற்று. ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அங்கே அலங்காரம் கிடையாது.

இதற்கு மாற்றாக வந்தவை: நெடி குறைந்த எக்கோ சால்வென்ட், 2008இல் ஹெச்பி கொண்டுவந்த லேடெக்ஸ் மை (தண்ணீரில் மிதக்கும் பாலிமர் துகள், சூட்டில் படலமாக இறுகும்), புற ஊதா ஒளி பட்ட நொடியில் கெட்டியாகும் யுவி மை. யுவி மையில் காற்றில் ஆவியாக அநேகமாக எதுவும் இல்லை என்பது பெரிய லாபம். ஆனால் அதைக் கெட்டியாக்க உதவும் டிபிஓ என்ற வேதிப்பொருள் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தி, நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப் பொருட்களில் 2025 செப்டம்பர் முதல் தடை செய்திருக்கிறது. மை நிறுவனங்கள் மாற்றுத் தேடுகின்றன.

மை மாறினாலும் பிவிசி ஷீட் அப்படியேதான் இருக்கிறது. 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தடிமனானவற்றுக்கு இல்லை. விழா முடிந்ததும் அவை மாட்டுத்தொழுவக் கூரையாகும், வைக்கோல் படப்புக்குப் போர்வையாகும். அதுவரை நல்லது. குப்பையோடு எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், டையாக்சின் போன்ற நச்சுகளும் உருவாகும். லேடெக்ஸ் மையைத் துணியிலும் அடிக்கலாம் என்பதால் பிவிசியை விடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. செலவுக் கணக்குதான் தடுக்கிறது.

சரி, கடையில் என்ன கேக்கணும்?

"அண்ணாச்சி, இது லேசரா, இங்கா?" இந்த ஒரு கேள்வி போதும். ஹால் டிக்கெட், விண்ணப்பம், சான்றிதழ் நகல் எதுவானாலும் லேசர் பிரிண்டே பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மை வந்தால் டை.

வீட்டுக்கு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்குகிறவர்கள் கறுப்பு மை டையா, பிக்மென்டா என்று மாடல் விவரத்தில் பார்க்க வேண்டும். கேனன், ஹெச்பி டேங்க் மாடல்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், கலர் மூன்றும் டை. அதாவது எழுத்து தப்பிக்கும், அரசு முத்திரையின் நிறம் வழியும். விலை மலிவு என்று கிடைக்கிற மையை ஊற்றினால், ஹீட்டர் வகை பிரிண்டரில் பால் அடிப்பிடிப்பது மாதிரி ஹீட்டர் மேல் கசடு படிந்து தலை போய்விடும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது கலரில் அடிப்பது எந்த பிரிண்டருக்கும் நல்லது.

லேசர் பிரிண்டுக்கும் ஒரு எதிரி உண்டு. வழவழப்பான பிவிசி ஃபைல் கவர். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் டோனரை இளக்கும். நம்மூர் வெக்கையில் சில வருஷம் போனால் எழுத்து கவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் கவர் என்று கேட்டு வாங்கலாம்.

இ-சேவை வழியாக வாங்கிய சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களில் சான்றிதழ் எண் இருக்கும். காகிதம் போனாலும் எண் இருந்தால் இணையத்தில் சரிபார்க்க முடியும். மழைக்காலத்துக்கு முன்பு அந்த எண்களை மட்டும் போனில் போட்டோ எடுத்து வைப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஏற்கெனவே நனைந்துவிட்டதா? தேய்க்காதீர்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தோடு பிரிக்க வேண்டாம், டை மை எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிடும். மை உறிஞ்சும் வெள்ளைத்தாளை மேலும் கீழும் வைத்து மெதுவாக ஒற்றி எடுங்கள், தாள் ஈரமானால் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை இதில் ஒட்டும். வெயிலில் போடாமல் ஃபேன் காற்றில், படுக்கைவாக்கில் காய வையுங்கள். முழுக்கக் காயும் முன்பே எழுத்து தெரிகிற பக்கங்களை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். சாயம் காயக் காயவும் பரவிக்கொண்டுதான் இருக்கும். லேமினேஷன் கடைக்கு ஓடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், காகிதம் மொறமொறவென்று காய்ந்த பிறகு.