சிறிய வானூர்தியை வானிலேயே மறிப்பது எப்படி?

2007 மார்ச் 26 நள்ளிரவு கடந்து, வன்னியிலிருந்து எழுந்த விடுதலைப் புலிகளின் ஸ்லின் 143 இலகு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசித் திரும்பின. ஒலியை விஞ்சும் ஜெட்கள் இருந்தும் அவற்றை மறிக்க முடியவில்லை. தாழப் பறப்பதை ராடார் எளிதில் தவறவிடும். பிஸ்டன் இயந்திரத்தின் வெப்பம் குறைவு. வெப்பம் தேடும் ஏவுகணை அதைப் பற்றுவது கடினம். மெதுவான இலக்கை ஜெட் கணத்தில் கடந்துவிடும்.

இன்றைய ஷாஹெட் தாக்குதல் ட்ரோன்களும் இதே இயல்பின. மணிக்குச் சுமார் 185 கி.மீ. வேகத்தில் வரும் அவற்றை உக்ரைனின் சிறு இடைமறிப்பு ட்ரோன்கள் அதைவிட மிக விரைந்து துரத்துகின்றன. ராடார் திசை காட்டும். இறுதியில் இயக்குநர் கமராவில் பார்த்து மோதவிடுவார். இடைமறிப்பு ட்ரோனின் விலை சில ஆயிரம் டொலர். அந்த மலிவே அதன் பெரும்பலம். மின்கலம் விரைவில் தீர்வதால், எச்சரிக்கை பிந்தினால் பயனில்லை.