தலைவரும் தலைவணங்கும் இடம்

விளையாட்டு விழாவில் இறுதி ஆட்டம் நடந்து கொண்டிருக்கிறது. ஊதல் ஒலிக்கிறது. நடுவரின் தீர்ப்பு நம் அணிக்கு எதிராக விழுகிறது. அணித் தலைவியின் முகம் வாடிவிடுகிறது. ஆயினும் அவள் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நிற்கிறாள். அவள் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆட்டமே நின்று போயிருக்கும். ஊதலுக்கென்று தனி வலிமை எதுவும் இல்லை. அதற்குக் கட்டுப்படுகிறவர்களே அதற்கு வலிமை தருகிறார்கள்.

நாட்டின் நீதிமன்றமும் இப்படித்தான். படையும் காவல்துறையும் கருவூலமும் அரசின் கையில் இருக்கின்றன. நீதிபதியிடம் இருப்பவை சட்டப் புத்தகமும் எழுதுகோலுமே. அப்படியிருக்க, ஆட்சியில் இருப்பவருக்கு எதிராகவே நீதிபதி தீர்ப்பு எழுதினால் அது எப்படி நிறைவேறும்? இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவின் வரலாறு இரண்டு விடைகளைத் தருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதல் விடை 1950களைச் சேர்ந்தது. அந்நாளில் அங்கே வெள்ளையரின் நிறவெறி ஆட்சி நடந்தது. கேப் மாகாணத்தில் கலப்பின மக்களுக்கு வெள்ளையரோடு ஒரே பட்டியலில் வாக்குரிமை இருந்து வந்தது. அதைப் பறிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அரசுக்கு அவ்வளவு ஆதரவு இல்லை. எனினும் 1951இல் சாதாரணப் பெரும்பான்மையைக் கொண்டே சட்டத்தை நிறைவேற்றியது. 1952இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. உடனே அரசு, நாடாளுமன்றமே ஓர் உயர்ந்த நீதிமன்றமாக அமர்ந்து தீர்ப்பை மாற்றலாம் என்று இன்னொரு சட்டம் இயற்றியது. நீதிபதிகள் அதையும் தள்ளினார்கள்.

தீர்ப்பை மாற்ற முடியாத அரசு, தீர்ப்புச் சொல்லும் இடத்தையே மாற்றத் துணிந்தது. 1955இல் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளின் எண்ணிக்கையை 11ஆக உயர்த்தியது. மேலவை உறுப்பினர்களை 48இலிருந்து 89ஆகப் பெருக்கிக் கொண்டது. 1956இல் வாக்குரிமை பறிபோனது. அதையடுத்து வழக்கு வந்தபோது 11 நீதிபதிகளில் ஒருவர் மட்டுமே அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். எல்லாம் சட்டப்படியே நடந்தது போலத் தோன்றியது. ஆனால் நீதி மட்டும் அங்கே இல்லை.

இரண்டாவது விடைக்கு நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1994 ஏப்ரலில் எல்லா இனத்தாரும் முதன்முறையாக வாக்களித்தார்கள். 27 ஆண்டுகள் சிறையில் வாடிய நெல்சன் மண்டேலா அவர்கள் குடியரசுத் தலைவரானார். 1995 பிப்ரவரி 14 அன்று புதிய அரசியலமைப்பு நீதிமன்றத்தை அவரே தொடங்கி வைத்தார். கடைசியாகத் தாம் நீதிமன்றத்தில் நின்றது, தமக்கு மரண தண்டனை உண்டா இல்லையா என்று அறிவதற்காகவே என்பதை அன்று அவர் நினைவுகூர்ந்தார். 1964இல் முடிந்த அந்த ரிவோனியா வழக்கில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான ஆர்தர் சாஸ்கல்சன்தான் புதிய நீதிமன்றத்தின் தலைவர். இங்கும் நீதிபதிகள் 11 பேரே. அவர்களுள் ஈவான் மொக்கோரோ, கேட் ஓரீகன் என்ற இரு பெண்மணிகளும் இருந்தார்கள்.

சில மாதங்களிலேயே சோதனை வந்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியது. கேப் டவுன் பகுதியின் எல்லைகளை வகுப்பது பற்றி நடுவண் அரசுக்கும் மேற்கு கேப் மாகாண அரசுக்கும் பிணக்கு எழுந்தது. அம்மாகாணத்தை ஆண்டது பழைய நிறவெறி ஆட்சியை நடத்திய அதே கட்சி! சட்டத்தைக் குடியரசுத் தலைவரே ஆணை மூலம் திருத்தலாம் என்று நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்திருந்தது. மண்டேலா அவர்கள் அதன்படி ஆணை பிறப்பித்தார். மாகாண அரசு வழக்குத் தொடுத்தது.

1995 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. சட்டம் இயற்றும் கடமையை நாடாளுமன்றம் இப்படித் தலைவரிடம் ஒப்படைக்க முடியாது. ஆகவே அவருடைய ஆணைகள் செல்லா என்று நீதிமன்றம் கூறியது. பிழையைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் தவணை தந்தது.

எண்ணிப் பாருங்கள். ஒருகாலத்தில் தம் உயிரைக் காக்க வாதாடியவரே இப்போது தமக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுகிறார். வென்றதோ தம் மக்களை ஒடுக்கிய கட்சி. மக்கள் செல்வாக்கு முழுவதும் மண்டேலா அவர்களின் பக்கமே இருந்தது. அவர் சினந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த இளம் நீதிமன்றம் பிறகு தலைநிமிர்ந்திருக்குமா? அவரோ தாமதமின்றி மக்கள் முன் தோன்றி, அரசியலமைப்புக்கு முதலில் கீழ்ப்படிய வேண்டியவர் குடியரசுத் தலைவரே என்று சொல்லித் தீர்ப்பை ஏற்றார். நாடாளுமன்றம் கூடிச் சட்டத்தைத் திருத்தியது. நவம்பர் 1 அன்று நாட்டின் பெரும்பகுதியில் தேர்தலும் நடந்தது.

தீர்ப்பை ஏற்பது என்றால் வாய்மூடி இருப்பது என்று பொருளில்லை. 1998இல் ரக்பி விளையாட்டுச் சங்கம் தொடுத்த வழக்கில் சாட்சி சொல்ல வருமாறு பிரிட்டோரியா நீதிமன்றம் ஆணையிட்டது. பதவியில் இருந்த மண்டேலா அவர்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார். தீர்ப்பு எதிராக வந்தபின் முறைப்படி மேல்முறையீடு செய்தார். 1999இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்திருக்கவே கூடாது என்றும் கூறியது. அவர் முதலில் பணிந்தார், பின்னரே முறையிட்டார்.

இந்த வரலாற்றில் நம்மினத்துப் பெண் ஒருவரும் இருக்கிறார். டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை என்ற தமிழ்ப் பெண்மணி, நிறவெறிக் காலத்தில் அரசியல் கைதிகளுக்காக வாதாடியவர். நிறத்தின் காரணமாக நீதிபதியின் அறைக்குள் அவர் நுழைய முடியாதிருந்தது. 1995இல் மண்டேலா அவர்கள் அவரை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். அவர் முதன்முதலாக நுழைந்த நீதிபதியின் அறை அவருடைய சொந்த அறையே!

நல்ல மரபும் தானாக நிலைத்துவிடாது. 2021இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா, விசாரணை ஆணையத்தின் முன் வருமாறு நீதிமன்றம் இட்ட ஆணையை மீறினார். அவருக்கு 15 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறை சென்றதையொட்டி எழுந்த கலவரத்தில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் தீர்ப்பு தீர்ப்பாகவே நின்றது. மண்டேலா அவர்கள் 1995இல் காட்டிய பணிவு அதற்குப் போட்ட அடித்தளத்தை நாம் மறக்கலாகாது.

தமக்குச் சாதகமான தீர்ப்பை யாரும் போற்றுவார்கள். பாதகமான தீர்ப்பை ஏற்கும் நாளில்தான் தலைவரின் தரம் தெரிகிறது. நாளை நம்மில் சிலர் வழக்கறிஞராவோம், சிலர் மக்கள் பிரதிநிதிகளாவோம், எல்லோரும் வாக்காளராவோம். அன்று ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஊதல் எதிராக ஒலிக்கும்போது இவர் பந்தைக் கொடுப்பாரா?