தைக்காமலே பிளாக்அவுட் லைனிங்: பகல்ல தூங்குறவங்களுக்கு ஒரு எபிசோட்

திருவண்ணாமலையில ராத்திரி முழிக்கிறது என்னை மாதிரி ஐ.டி. ஆளுங்க மட்டும் இல்ல. லாட்ஜ் ரிசப்ஷன்ல இருக்குறவங்க, பஸ் டிரைவர்கள், பௌர்ணமி வந்தா 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில டீ போடுறவங்க. எங்க வீட்டுல அக்கா நர்ஸ். நைட் டூட்டி முடிச்சு காலைல வந்து படுத்தா, ஜன்னல்ல சுள்ளுன்னு வெயில். அரைத் தூக்கத்தோட மறுபடியும் போய் நோயாளிக்கு ஊசி போடணும். அதனால இன்னைக்கு டாபிக், வீட்டுல இருக்குற ஸ்க்ரீனுக்குப் பின்னாடி பிளாக்அவுட் லைனிங் சேர்க்கறது. தையல் மெஷின் வேண்டாம்.

முதல்ல, ஏன் இருட்டு? பார்க்குறதுக்கான செல்கள் தவிர, வெளிச்சம் இருக்கான்னு உடம்புக் கடிகாரத்துக்குச் சொல்ற தனி செல்களும் நம்ம கண்ணுல இருக்கு. அதுங்க தாமாவே ஒளியை உணருதுன்னு 2002-லதான் நிரூபிச்சாங்க. வெளிச்சம் பட்டா ‘இது பகல்’னு மூளைக்குச் சேதி போகும். இமையை மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வரத்தான் செய்யும்.

அடுத்து துணி. நல்ல பிளாக்அவுட் துணியோட பின்பக்கம் மெல்லிய நுரைப் பூச்சு பல அடுக்கா இருக்கும். வெளியே வெள்ளையா தெரிஞ்சாலும், நடுவுல இருக்குற கறுப்பு அடுக்குதான் ஒளியை நிறுத்துது. கடையிலயே போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னாடி வச்சுப் பாருங்க. புள்ளி புள்ளியா தெரிஞ்சா வாங்காதீங்க.

இந்தப் பூச்சுதான் தைக்காம இருக்குறதுக்கும் காரணம். ஊசி போற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஓட்டை விழும். வெயில் அடிச்சா நட்சத்திரம் மாதிரி மின்னும். அதனால தைக்காம ஒட்டறது சோம்பேறித்தனம் இல்ல, அதுதான் சரியான வழி.

மாட்டறதுக்கு மூணு வழி இருக்கு.

ஒண்ணு, கிளிப் வளையம். ஸ்க்ரீனையும் லைனிங்கையும் சேர்த்துப் பிடிச்சு கம்பியில தொங்க விடலாம். வாடகை வீட்டுக்கு இது ஈஸி.

ரெண்டு, துணியில ஒட்டுற வெல்க்ரோ. ஸ்க்ரீனோட மேல் ஓரத்துல ஒரு பட்டை, லைனிங்ல இன்னொண்ணு. துவைக்கணும்னா பிரிச்சுடலாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

மூணு, இஸ்திரி போட்டா ஒட்டிக்குற டேப். பூச்சு மேல நேரா சூடு படக் கூடாது, உருகிடும். ஸ்க்ரீன் பக்கமா, மேல ஒரு காட்டன் துணி விரிச்சுத் தேய்ங்க. முதல்ல ஒரு மூலையில சோதிச்சுக்கோங்க. கீழ் ஓரத்தை மட்டும் ஒட்டாம விடுங்க. துவைச்சா ரெண்டு துணியும் ஒரே அளவு சுருங்காது, சேர்த்து ஒட்டினா சுருக்கம் விழும்.

எந்த வழியானாலும் வெள்ளைப் பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல கொஞ்சம் சூட்டையும் அது திருப்பி அனுப்பும்.

இப்போ முக்கியமான விஷயம். எவ்வளவு விலை கொடுத்துத் துணி வாங்கினாலும் ஓரம் கசிஞ்சா பிரயோஜனம் இல்ல. லைனிங் ஜன்னலை விட எல்லாப் பக்கமும் நாலு விரக்கடையாவது பெருசா இருக்கணும். கம்பியும் ஜன்னல் விளிம்புக்கு மேல அதே அளவு தள்ளி இருக்கட்டும். பக்கவாட்டு ஓரத்தை வெல்க்ரோவால மரச் சட்டத்தோட சேர்த்துடுங்க. சுவர்ல ஒட்டினா, பிரிக்கும்போது பெயின்ட் கையோட வந்துடும், ஹவுஸ் ஓனர் சும்மா விட மாட்டார்.

எல்லாம் முடிஞ்சதும் மத்தியானம் மூடிட்டு அஞ்சு நிமிஷம் உள்ளேயே உட்காருங்க. கண்ணு இருட்டுக்குப் பழகினதும் எங்கெங்க கோடு தெரியுதோ, அங்க சாக்பீஸால குறிச்சு அடைச்சுடுங்க.

எழுந்ததும் முதல் வேலையா ஸ்க்ரீனைத் திறந்துடுங்க. தூங்க இருட்டு எவ்வளவு முக்கியமோ, முழிக்க வெளிச்சமும் அவ்வளவு முக்கியம். மலையைப் பார்த்த ஜன்னல் இருக்குற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. 2,668 அடி உயரத்துல கார்த்திகை தீபம் ஏத்துற அன்னைக்கு வெல்க்ரோவை மொத்தமா பிரிச்சு வச்சுடுங்க. அந்த வெளிச்சத்தை மறைக்கிறதுக்கு இல்ல இந்த லைனிங்!