கிருமியைத் தொடாத மருந்து

கோயமுத்தூருக்குப் போகிறவர்கள் அங்கே பிளேக் மாரியம்மன் கோயிலைக் காணலாம். மாரியம்மனுக்கு எத்தனையோ திருநாமங்கள் உண்டு. இங்கேயோ ஒரு வியாதியின் இங்கிலீஷ்ப் பெயரையே அடைமொழியாக ஏற்றுக் கொண்டு வீற்றிருக்கிறாள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நகரத்து ஜனங்கள் பட்ட பாட்டுக்கு அந்தப் பெயரே சாட்சி.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, தெருக்களையும் வீடுகளையும் கார்பாலிக் அமிலம் கலந்த ஜலத்தால் கழுவித் தள்ளினார்கள். வியாதி அடங்கவில்லை. மருந்தின் குற்றமா? இல்லை. 1865-ல் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்ற ரண வைத்தியர், கால் முறிந்த ஒரு சிறுவனின் காயம் சீழ்ப் பிடிக்காமல் காத்தது இதே கார்பாலிக்கைக் கொண்டுதான். கிருமியின் உடலை மூடியுள்ள மெல்லிய சவ்வை அது சிதைக்கிறது. உள்ளே புகுந்து, அங்குள்ள புரதத்தை வெந்த முட்டையின் வெள்ளைக் கருவைப் போல் உறையச் செய்துவிடுகிறது. ஆனால் பிளேக் கிருமி தரையிலா காத்துக் கிடந்தது? எலியின் இரத்தத்திலும், அதைக் குடித்த தெள்ளுப் பூச்சியின் வயிற்றிலும் அல்லவா இருந்தது! 1898-ல் கராச்சியில் ஸைமண்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் தெள்ளுப் பூச்சியின் இந்த வேலையைக் கண்டுபிடித்தார். தரையைக் கழுவியவர்களின் கைக்கு எட்டாத இடம் அது.

மருந்து கிருமியைத் தொட்டாக வேண்டும் என்ற இந்த விதி கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கும் பொருந்தும். பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரின் கிருமியின் புரதங்களைத் தாக்கி அழிக்கிறது. ஆனால் அதற்குத் தராதரம் தெரியாது. அழுகிய இலை, சேறு, பாசி எது எதிர்ப்பட்டாலும் அதன் மேலேயே தன் வீரியத்தைச் செலவழித்துவிடும். கலங்கிய கிணற்றுக்கு அதிகப் பவுடர் வேண்டியிருப்பது இதனால்தான். பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் மாலையில் ஊற்றிவிட்டுக் காலையில் இறைப்பது நல்லது. திறந்த டப்பாவில் நாட்கணக்காகக் கிடந்த பவுடரைப் போடுவதும் போடாததும் ஏறக்குறைய ஒன்றே.

ஸ்பிரிட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. தண்ணீர் கலக்காத சரக்கே உயர்ந்தது என்று நினைப்போம். உண்மையில் நூற்றுக்கு எழுபது பங்கு ஆல்கஹாலும் மீதி தண்ணீருமாக இருப்பதே கிருமியை நன்றாகக் கொல்கிறது. புரதத்தைக் குலைக்கத் தண்ணீரின் துணையும் வேண்டியிருக்கிறது. அதற்கும் அசையாதவை உண்டு. மண்ணிலும் சாணத்திலும் உள்ள தனுர்வாயுக் கிருமியின் வித்துக்கள் தடித்த ஓட்டுக்குள் உறங்குகின்றன. ஸ்பிரிட் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. தோட்டத்தில் மண்வெட்டி பட்ட காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டு, ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.